தூக்கிப் போடும் முன் திறந்து பாருங்கள்

"இதுல இனிமே ஒண்ணும் பண்ண முடியாது சார், புதுசு எடுத்துடுங்க." பத்து வருடம் ஓடிய டெஸ்க்டாப்பைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை ப்ராசசராவது இருக்க வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. அதற்குக் கீழே இருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன.

சரி, புதிதாகவே வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் இது நல்ல காலமாக இல்லை. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வருவது குறைந்துபோனது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் யார்? கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் ஸ்டூடியோக்காரர். ஃபிளெக்ஸும் ஆல்பமும் டிசைன் செய்து தரும் பெண். அனிமேஷன் கற்றுக்கொள்ளத் துடிக்கும் பிளஸ் டூ மாணவர். பகலில் பிராஜெக்ட், இரவில் வேலோரண்ட் என்று இருக்கும் கல்லூரிப் பிள்ளை. இவர்களிடம் புதுப் பெட்டிக்கான பணம் இல்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு அது இப்போது தேவையும் இல்லை. பழைய பெட்டியில் எந்தப் பாகம் காலை வாருகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றினால் இன்னும் சில ஆண்டுகள் கௌரவமாக ஓட்டலாம்.

அதற்கு ஒரே ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். நாளைக்குப் புது மதர்போர்டு வாங்கினாலும் கூடவே வரக்கூடிய பாகத்துக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். இந்தப் பெட்டியோடு செத்துப்போகிற பாகத்துக்குக் கையை இறுக்கிப் பிடியுங்கள். எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் ஆகியவை முதல் வகை. பழைய டிடிஆர்3 ரேமும் பழைய ப்ராசசரும் இரண்டாவது வகை. கடையில் நிற்கும்போது குழப்பம் வந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். 2014-இல் அசெம்பிள் செய்தது. ஐ5-4590 ப்ராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. தமிழ்நாட்டில் எந்த ஊர் ஸ்டூடியோவிலும் இதற்கு ஒரு அண்ணனோ தம்பியோ இன்னும் ஓடிக்கொண்டிருப்பான். புகார் என்ன? "ஆன் ஆக அஞ்சு நிமிஷம் ஆகுது, போட்டோஷாப் திறந்தா ஹேங் ஆகுது."

பணம் எதுவும் செலவழிக்காமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, எந்த வேலை இழுக்கிறதோ அதே வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு ப்ராசசர் சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். ரேம் 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் பற்றவில்லை. ப்ராசசர் 100-இல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் எல்லை. விளையாட்டு ஓடும்போது கிராஃபிக்ஸ் மட்டும் 100-இல் இருந்தால் கார்டு பற்றவில்லை. இதைப் பார்க்காமல் யாராவது "ரேம் ஏத்திடுங்க" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்து, பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். நம் ஊர் வெயிலும் தூசியும் கம்ப்யூட்டருக்குச் செய்கிற கெடுதலை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ப்ராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் தூசி அடைத்து, பத்து வருடத்துக்கு முன் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். அந்தக் கால இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்று, ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருப்பதும் சகஜம். ப்ளோயர் வைத்து ஊதி, ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்து, புது பேஸ்ட் வைத்து நான்கு பின்களையும் அழுத்தி மாட்டினால் சித்திரை வெயிலிலும் பெட்டி தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் தேதி தவறிப் போகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லையும் மாற்றிவிடுங்கள். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

முதல் பணம் எஸ்எஸ்டிக்கு

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், தட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் எட்டிப் பிடிக்க முடியும். ஊசி நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும், இயந்திர வேலை. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. விண்டோஸ் ஆன் ஆவதும், போட்டோஷாப் திறப்பதும், விளையாட்டில் அடுத்த மேப் வருவதும் இந்தச் சிறு கோப்பு வேலைதான். ஆகவேதான் ப்ராசசர் அதேதான் என்றாலும் எஸ்எஸ்டி போட்டதும் பெட்டியே மாறிவிட்டதுபோல் தெரிகிறது. விளையாட்டு நிறுவனங்களும் இதை உணர்ந்துவிட்டன. சைபர்பங்க் 2077 தன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் 2023-லேயே எஸ்எஸ்டியைச் சேர்த்துவிட்டது.

நம் எடுத்துக்காட்டுப் பெட்டிக்குச் சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். என்விஎம்இ வகை இதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் நான்காம் தலைமுறைப் போர்டுகள் பலவற்றில் அதற்கான ஸ்லாட் இல்லை. கன்வெர்ட்டர் போட்டு மாட்டினாலும் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். கடைக்காரர் விற்றுவிட்டார் என்று பிறகு வருத்தப்பட வேண்டாம்.

மாட்டும்போது பலர் கவனிக்காத ஒன்று: எச்81 சிப்செட்டில் நான்கு சாட்டா போர்ட்கள் இருந்தாலும் இரண்டு மட்டுமே நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை. மற்ற இரண்டும் அதில் பாதி வேகம்தான். பெரும்பாலான போர்டுகளில் நிறம் வேறுபடும், பக்கத்தில் எழுதியும் இருக்கும். எஸ்எஸ்டியை வேகமான போர்ட்டிலும் பழைய ஹார்ட் டிஸ்கையும் டிவிடி டிரைவையும் மெதுவான போர்ட்டிலும் மாட்டுங்கள். பயாஸில் சாட்டா மோடு 'ஐடிஇ' என்று இருந்தால் விண்டோஸ் போடும் முன் 'ஏஹெச்சிஐ'க்கு மாற்றுங்கள்.

பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்யலாம். ஆனால் பத்து வருடக் குப்பையையும் சேர்த்துக் கொண்டுவருவதைவிடப் புதிதாக ஃபார்மட் செய்து ஏற்றுவதே நல்லது. டிசைன் வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. யூனிகோடு வருவதற்கு முந்தைய பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் உங்கள் வாடிக்கையாளர்களின் பழைய பத்திரிகைகளும் பேனர்களும் இருக்கும். ஃபார்மட் அடிக்கும் முன் விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது போய்விட்டால், அந்தக் கோப்பைத் திறக்கும்போது தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் நிற்கும்.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்ற வேண்டாம். எடுத்து முடித்த வீடியோக்கள் தூங்கும் கிடங்காக அது இருக்கட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் அதன் ஆரோக்கியத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் அன்றே இன்னொரு பிரதி எடுங்கள்.

ரேம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இன்று விளையாட்டுக்கும் எடிட்டிங்குக்கும் 16 ஜிபி கட்டாயம் வேண்டும். எச்81 போர்டில் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. எனவே இரண்டு 8 ஜிபி போட்டால் அதோடு முடிந்தது. ஒரே அளவில் இரண்டு போட்டால் இரட்டைச் சேனலில் ஓடும். ஒன்றே ஒன்று போடுவதைவிட அது நல்லது. டிடிஆர்3 அடுத்த போர்டுக்கு வராது என்பதால் செகண்ட் ஹேண்டிலேயே வாங்குங்கள், ரேம் எளிதில் கெடுகிற பொருள் அல்ல. மலிவாக வரும் சில 8 ஜிபி டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி போர்டில் மட்டுமே வேலை செய்யும். "இன்டெல் போர்டுல ஓடுமா?" என்று கேட்டு, முடிந்தால் உங்கள் பெட்டியிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஏமாறும் இடம் கிராஃபிக்ஸ் கார்டுதான்

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருக்கட்டும், உங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடையாக இருக்கட்டும், அதிகப் பணம் வீணாவது இந்தப் பாகத்தில்தான். "4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு சார்" என்று ஜிடி 730-ஐ எடுத்துக் காட்டுவார்கள். 2014-இல் வந்த கார்டு அது; திரையைக் காட்டுவதற்கு உதவும், விளையாட்டுக்கு உதவாது. கார்டில் எத்தனை ஜிபி என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஜிடி 1030-லும் இரண்டு வகை உண்டு. 2017-இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது. அடுத்த ஆண்டு டிடிஆர்4 போட்டு அதே பெயரில் விட்டார்கள். வேகம் மிகக் குறைவு.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்னும் மோசம். 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்ற கார்டு, பெயரில் 580 என்றாலும் உள்ளே இருப்பது 570-இன் திறன்தான். உண்மையான 580-இல் 2,304 ஷேடர்கள் இருக்கும், இதில் 2,048. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே பல தலைமுறைக்கு முந்தைய சிப்பை வைத்து, பயாஸையும் மாற்றி விற்கிற மோசடியும் நடக்கிறது. ஜிபியு-ஸெட் என்ற சிறிய இலவச மென்பொருள் பல போலிகளை 'ஃபேக்' என்று பெயரிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பென் டிரைவில் அதை எடுத்துப் போங்கள். கடையிலேயே அரை மணி நேரம் ஒரு விளையாட்டையோ ஸ்ட்ரெஸ் டெஸ்டையோ ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளி, கோடு எதுவும் வரக் கூடாது, வெப்பம் ஏறிக்கொண்டே போகக் கூடாது, ஃபேனில் சத்தம் வரக் கூடாது. எத்தீரியம் நாணயச் சுரங்கம் 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தபோது இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டின. அவை இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சுரங்கத்தில் ஓடியது என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேனையும் தெர்மல் பேடையும் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். பில் கேளுங்கள். சில நிறுவனங்கள் சீரியல் எண்ணை வைத்தே வாரண்டி தருவதால் பழைய கார்டுக்கும் மிச்ச வாரண்டி இருக்க வாய்ப்புண்டு.

அப்படியானால் எதை வாங்குவது? பதில் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் தொடங்குகிறது. மதர்போர்டின் ஸ்லாட் மட்டும் 75 வாட் வரை தரும். தனி பவர் கேபிள் இல்லாமலே ஓடும் கார்டுகள் அதற்குள் அடங்குபவை. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இன் பல மாடல்களும் 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவமும் இந்த வகை. இரண்டாவது 70 வாட்தான் எடுக்கும். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அது 130 வாட் எடுப்பது, தனி கேபிள் கேட்பது. 1650-இல் ரே டிரேசிங் எனும் கதிர்த்தட வசதி வன்பொருளில் கிடையாது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' போன்ற விளையாட்டுகள் அதில் ஓடாது. அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், ஹெச்பி பெட்டிகளை வாங்கியவர்களுக்கு 3050 6 ஜிபி நல்ல வழி. ஒல்லிப் பெட்டி வைத்திருந்தால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றத் தயார் என்றால், விளையாட்டு மட்டுமே நோக்கம் என்பவர்களுக்கு என் ஓட்டு ஆர்எக்ஸ் 6600-க்கு. 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஃபுல் ஹெச்டி திரைக்குத் தாராளம். எடிட்டிங்கும் அனிமேஷனும் முக்கியம் என்பவர்கள் என்விடியா பக்கம் போவதே நல்லது. பிளெண்டரில் ரெண்டர் செய்யும்போது ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் வேகம் தனி. செகண்ட் ஹேண்டில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, நான்கே பிசிஐ பாதைகளில் ஓடுவது. பழைய போர்டுகளில் அது மூச்சு வாங்கும். இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்லவைதான், ஆனால் 'ரீசைஸபிள் பார்' என்ற வசதி இல்லாத போர்டில் பாதித் திறன்கூட வராமல் போகலாம். நான்காம் தலைமுறைப் போர்டுகளில் அது கிடையாது. ஜிடிஎக்ஸ் 1060, 1070 போன்ற பாஸ்கல் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஓட்டலாம், புதிதாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

உயிரைக் காக்கும் பாகம்

கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் '450 வாட்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பாதீர்கள். பக்கத்து லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான் தேறும். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிக்கும் மின்சாரம் முழுதும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான் வருகிறது. ஐ5-4590-க்கு 84 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட் என்று கூட்டினாலே கணக்கு உதைக்கிறது.

80 பிளஸ் முத்திரையுள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். இதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், வாரண்டியோடு வாங்க வேண்டும். இங்கே மிச்சம் பிடிக்கிற ஆயிரம் ரூபாய், மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடியது. கார்டுக்குப் பவர் கேபிள் இல்லையென்று சாட்டா கேபிளிலிருந்து கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சாட்டா பவர் கனெக்டர் 54 வாட்டுக்கு மேல் தாங்காது. உருகும், தீப்பிடிக்கும்.

டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, 9020 போன்ற பெட்டிகளில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் வழக்கமான 24 பின் கிடையாது, 8 பின். சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரடியாகச் சேராது, அதற்கான அடாப்டர் கேபிள் தனியாக வாங்க வேண்டும். வீட்டில் இருக்கும் யுபிஎஸ்ஸையும் பாருங்கள். வழக்கமான 600 விஏ யுபிஎஸ் 360 வாட்டுக்கு உட்பட்டதுதான். பெரிய கார்டும் மானிட்டரும் சேர்ந்து ஓடும்போது கரண்ட் போனால் அது கத்திவிட்டு அணைந்துவிடும். எர்த்திங் சரியில்லாத வீட்டில் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். கார்டு வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கே நிறுத்துவது?

ப்ராசசர் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் பெட்டிகளில் விளையாட்டுக்காக ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம் என்பது என் கருத்து. புதிய விளையாட்டுகளும் மென்பொருள்களும் கேட்கும் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு அவற்றில் கிடையாது. 2013-இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் அது வந்தது. பழைய பெட்டிக்கு எஸ்எஸ்டி மட்டும் போட்டுப் பில் போடவும், பிள்ளைகள் படிக்கவும் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் தலைமுறை ஐ5-இல் நான்கு கோர், நான்கு த்ரெட். இன்றைய விளையாட்டுகளில் நல்ல கார்டு போட்டாலும் காட்சி திணறித் திணறி வருவதற்கு இதுதான் காரணம். அதே சாக்கெட்டில் ஐ7-4770 அல்லது 4790 போட்டால் எட்டு த்ரெட் கிடைக்கும். அதைவிட மலிவாகக் கிடைத்தால் ஜியான் இ3-1231 வி3 என்ற சர்வர் ப்ராசசரும் பல போர்டுகளில் ஓடும், திறன் ஏறத்தாழ அதே ஐ7-தான். ஆனால் ஜியானில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. கேமரா வீடியோவை டைம்லைனில் வேகமாகப் பிரித்துக் காட்ட உதவும் இன்டெல்லின் 'குவிக் சிங்க்' வசதியும் அதோடு போய்விடும். எடிட்டிங் செய்பவர்கள் ஐ7-ஐயே தேடுங்கள். எதுவானாலும் செகண்ட் ஹேண்ட், குறைந்த விலை; இந்தப் பணம் பெட்டியோடு போகிற பணம்.

ஆறாம், ஏழாம் தலைமுறை வைத்திருப்பவர்கள் ஒரு பொறியில் விழ வேண்டாம். எட்டாம் தலைமுறை ப்ராசசருக்கும் அதே 1151 சாக்கெட்தான், பொருந்தவும் செய்யும். ஆனால் பழைய 100, 200 வரிசைப் போர்டில் அது ஆன் ஆகாது.

உண்மையிலேயே அதிர்ஷ்டசாலிகள் 2017-க்குப் பிறகு ரைசன் வாங்கியவர்கள். ஏஎம்4 சாக்கெட்டைப் போல நீண்ட நாள் வாழ்ந்த சாக்கெட் அரிது. முதல் ரைசன் காலத்து ஏ320, பி350 போர்டுகளிலும் 5000 வரிசை ப்ராசசரை ஓட்ட 2022-இல் ஏஎம்டி வழி திறந்துவிட்டது. அன்று 2200ஜி போட்டு வாங்கிய பெட்டியில் இன்று ரைசன் 5 5600 போடலாம்; அதன் பிறகு அது பழைய பெட்டியே அல்ல, விண்டோஸ் 11-ம் மறுப்பில்லாமல் ஏறும். டிடிஆர்4 ரேமும் ஏற்கெனவே கையில் இருக்கிறது, இந்த விலையேற்றத்தில் அது பெரிய ஆறுதல். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பட்டியலைப் பார்த்து, பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்த பிறகே கழற்றுங்கள். வரிசை மாறினால் திரை இருட்டாகவே நிற்கும்.

எடிட்டிங் மேசையில்

பெட்டியை மாற்றாமல் வேலை செய்யும் முறையை மாற்றினாலே கிடைக்கும் வேகத்தைப் பலர் தொட்டுப் பார்ப்பதே இல்லை. இன்றைய கேமராக்கள் 4கே-யில் எடுத்துத் தருகிற எச்.265 கோப்பு அளவில் சிறியது, பிரிப்பதற்குக் கடினமானது. பழைய பெட்டி திணறுவது அந்தப் பிரிக்கும் வேலையில்தான். இதற்கு மருந்து ப்ராக்ஸி. டாவின்ச்சி ரிசால்வ், பிரீமியர் இரண்டிலும் இருக்கிறது. இரவு படுக்கப் போகும் முன் எல்லா கிளிப்புகளுக்கும் சிறிய, எளிதில் பிரியும் பிரதிகளை உருவாக்கச் சொல்லிவிட்டால், காலையில் அவற்றை வைத்துத் தடங்கலில்லாமல் வெட்டி ஒட்டலாம். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாகவே அசல் 4கே கோப்புக்கு மாறிக்கொள்ளும். ப்ராக்ஸியையும் கேஷ் ஃபோல்டரையும் எஸ்எஸ்டியில் வையுங்கள். முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களில் இது மட்டுமே ஒரு ஸ்டூடியோவைக் காப்பாற்றும்.

போட்டோஷாப்புக்கு ரேமும் எஸ்எஸ்டியும்தான் முக்கியம், பெரிய கார்டு தேவையில்லை. ரிசால்வுக்குக் கார்டின் நினைவகம் முக்கியம். நிறத்தைப் பார்த்து வேலை செய்பவர் பழைய டிஎன் பேனல் மானிட்டரில் உட்கார்ந்திருந்தால், கார்டுக்கு முன் ஒரு ஐபிஎஸ் மானிட்டர் வாங்கட்டும். தலையைச் சற்று உயர்த்தினாலே முகத்தின் நிறம் மாறுகிற திரையில் மணப்பெண்ணின் புடவை நிறத்தை எப்படிச் சரிபார்ப்பது?

மென்பொருளுக்கும் ஒரு வார்த்தை. கடையில் இலவசமாக ஏற்றித் தரும் கிராக் போட்டோஷாப்பும் கிராக் விண்டோஸும் பெட்டி மெதுவாவதற்கும் கோப்புகள் பறிபோவதற்கும் திறந்து வைத்த கதவு. ரிசால்வின் இலவசப் பதிப்பே பெரும்பாலான கல்யாண வேலைக்குப் போதும். ஓவியத்துக்கு கிரிட்டா, அனிமேஷனுக்கு பிளெண்டர் இரண்டும் முழுக்க இலவசம். லாட்வியா நாட்டின் கின்ட்ஸ் ஸில்பாலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' படம் பிளெண்டரில் உருவாகி, 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

விண்டோஸ் கேள்வி

வரம்புக்குக் கீழே இருக்கும் பெட்டியில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. வேலோரண்ட் ஆடுபவர்கள் இதில் அகப்பட்டுக்கொள்வார்கள்: விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டு டிபிஎம் 2.0-வையும் செக்யூர் பூட்டையும் கேட்கும், இல்லையென்றால் திறக்காது. தனிநபர்களுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைப் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அதில் சேருங்கள். அதன் பிறகு, பெட்டியில் வங்கி வேலை செய்யாதீர்கள். அல்லது லினக்ஸ் மின்ட்டுக்கு மாறுங்கள். ஸ்டீமில் இருக்கும் ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகள் 'புரோட்டான்' மூலம் லினக்ஸிலும் ஓடுகின்றன. வேலோரண்ட் ஓடாது, போட்டோஷாப்பும் நேரடியாக ஓடாது. ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்புகளைத் திறக்காது என்பதையும் ஸ்டூடியோக்காரர்கள் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

விலைப்பட்டியல் எதுவும் இங்கே தரவில்லை. வாரத்துக்கு வாரம் மாறுகிற விலையை அச்சில் ஏற்றுவது உங்களைத் தவறாக வழிநடத்தும். பங்கீட்டை மட்டும் சொல்லலாம்: கையில் இருக்கும் பணத்தில் பாதி கார்டுக்கு, மீதியில் எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் முதலில், ரேமும் ப்ராசசரும் மிஞ்சியதில். ரேமுக்கும் ப்ராசசருக்கும் ஆகும் செலவு மொத்தத்தில் கால்வாசியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து அடுத்த ஆண்டு போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே லாபம். கார்டும் எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் அதற்குள் உங்களிடம் தயாராக இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பவர் கேபிளைக் கழற்றிவிட்டு பெட்டியின் பக்கத் தகட்டைத் திறங்கள். மதர்போர்டின் மாடல் எண்ணையும் எஸ்எம்பிஎஸ் லேபிளில் உள்ள 12 வோல்ட் ஆம்பியரையும் எழுதிக்கொள்ளுங்கள், கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு கையில் இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்கும் போகாதீர்கள்.